கோரைப்பல்

பட்டம் கிடைக்க மூன்று கிரெடிட் பாக்கி.
உயிரியல், செய்முறையோடு.
பத்தொன்பது வருடமாக
அந்த ஒரு கட்டம் மட்டும் காலி.

டுலூத் நகரில் ஒரு பல் மருத்துவமனையில்
அடுத்தவர் வாய்க்குள்
உறிஞ்சுகுழாய் பிடிப்பவள் நான்.
மாலை வகுப்பு என்றால் பதினைந்து வாரம்,
கோஸ்டா ரிக்கா என்றால் பன்னிரண்டு நாள்.
கணக்குப் போட்டுத்தான் காட்டுக்குப் போனேன்.
சிறு வயதிலிருந்தே இயற்கைமேல் காதல் என்று
விண்ணப்பத்தில் எழுதியது பொய்.

மற்ற பதினோரு பேருக்கும் இருபது, இருபத்தொன்று.
கேடன் என்ற பையன்
முதல் நாளே என்னிடம் கொசு மருந்து இரவல் வாங்கினான்,
கடைசிவரை தரவில்லை.
ஏழு நாள் எல்லாம் தப்பு எனக்கு:
இலையின் பெயர், தவளையின் பெயர், கிழக்கு எது என்பதுகூட.
பேராசிரியர் ஹால்வர்சன் கை நீட்டிய திசையில்
எல்லோருக்கும் டூக்கான் தெரிந்தது.
எனக்குக் கிளை தெரிந்தது.
குறிப்பேட்டில் "கிளை" என்று எழுதி
நேரத்தையும் குறித்தேன்.

எட்டாம் இரவு, வலை.
ஓடையோரம் இரண்டு கம்புகளுக்கு நடுவே
இருட்டைவிட மெல்லிய நூல்.
ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கும் யோர்லேனி
ஒவ்வொன்றாய் விடுவித்து
துணிப்பைகளில் போட்டுக் கொடியில் தொங்கவிட்டாள்.
துவைத்து உலர்த்திய சட்டைக்குள்
ஆள் இன்னும் இருப்பதுபோல்
பைகள் தாமாகவே அசைந்தன.

பையோடு இருபத்தாறு கிராம்,
பை போக பத்தொன்பது.
முன்கை நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.
இறக்கையை விரித்து விளக்குக்கு நேரே பிடித்தாள்.
விரல்கள்!
எக்ஸ்ரே படத்தில்போல், நீள நீளமாய்.
மூட்டு கெட்டிப்பட்டிருக்கிறது, வளர்ந்த பெண், என்றாள்.
கேடன் எழுதிக்கொண்டான்.

அப்போது வௌவால் அவள் கையுறையைக் கடித்தது.
எல்லோரும் கையைப் பார்த்தார்கள்,
நான் வாயைப் பார்த்தேன்.

ஒரு நிமிஷம், என்றேன்.
நாளுக்கு முப்பது தடவை செய்வதுபோல்
நெற்றிவிளக்கைச் சாய்த்தேன்.
மேல் கோரைப்பல் முனை மழுங்கி,
எனாமல் தேய்ந்து உள்மஞ்சள் தெரிந்தது.
"வளர்ந்ததா? இது பாட்டி" என்றேன்.
யோர்லேனி என்னைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள்,
மறுபடி என்னைப் பார்த்தாள்.
"வியெஹா," என்று சிரித்தாள். கிழவிதான்.

பிறகு வந்த பைகள் முதலில் என்னிடம் வந்தன.
ஐந்தாவதன் கடைவாயில் விதை ஒட்டியிருந்தது.
பாதை நெடுக, திப்பிலிபோல் நிமிர்ந்து நின்ற
காய்களின் விதை அது.
ஏழு நாளும் அவற்றை உரசிக்கொண்டுதான் நடந்திருந்தேன்.
பெயர் அன்றைக்குத்தான் தங்கியது.

காலையில், காப்பிக் கோப்பைகள் கழுவும் இடத்தில்
யோர்லேனி என் சட்டையை இழுத்தாள்.
சுற்றிலும் பார்த்துவிட்டு
வாயைத் திறந்தாள்.
கீழே இடப்பக்கம், கடைசிப் பல்லில்
சுண்டுவிரல் நுனி நுழையும் கறுப்பு.
அதே விளக்கு, அதே சாய்வு.
நான் டாக்டர் இல்லை.
நரம்பு வரை போய்விட்டது, தள்ளிப்போடாதே, என்றேன்.
பேருந்தில் மூன்று மணி நேரம், வியாழன் மட்டும், என்றாள்.
தலையை ஆட்டினாள்,
மரங்களின் லத்தீன் பெயர்களுக்கு
நான் ஆட்டியதுபோல்.

"பதினான்கு வௌவால்களில் பல் தேய்மானம்":
என் அறிக்கைக்கு பி மைனஸ்.
எண்ணிக்கை போதாது, எழுத்துப்பிழை இரண்டு,
கேள்வி நன்று, என்றிருந்தது சிவப்பு மையில்.
மூன்று கிரெடிட் ஏறிவிட்டது.
பட்டம் தபாலில் வந்தது, ஓரம் மடங்கி.

பிப்ரவரியில்,
ஏரி உறைந்து கிடந்த ஒரு மதியம்,
கையுறை மாற்றும் இடைவெளியில்
போனில் ஒரு படம்.
மாதிரிகள் போடும் சிறு கண்ணாடிக் குப்பி.
உள்ளே ஒரு கடைவாய்ப்பல்.
ஒட்டிய சீட்டில் யோர்லேனியின் நேர்த்தியான கையெழுத்து:

கீழ்த்தாடை, இடம்.
பெண். வளர்ந்தது.
பை இல்லாமல் இரண்டு கிராம்.